பிக்கப் வண்டிக்குப் பெரிய டயர் போடலாமா?

வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களுள் ஐந்து, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்திருந்தாலும், ஒரே பொருளைப் பற்றியவை. சரக்கு ஏற்றும் சிறு வண்டிக்குத் தயாரிப்பாளர் கொடுத்த டயரை எடுத்துவிட்டு அதைவிடப் பெரியதைப் பொருத்தலாமா என்பதே எல்லோருடைய கேள்வியும். ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கொடைக்கானல் வாசகர்: ஐயா, நான் கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு ஏற்றிக்கொண்டு பழனி மலைப்பாதை வழியாக ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வாரம் நான்கு நடை போகிறேன். என் பிக்கப்பின் டயரில் 215/75 ஆர்15 என்று இருக்கிறது. அதற்குப் பதிலாக 235/75 ஆர்15 போட்டால் வண்டி உயரும், கூடுதல் லோடும் தாங்கும் என்று டயர் கடையில் சொல்கிறார்கள். செய்யலாமா?

கடைக்காரர் சொன்ன இரண்டில் ஒன்று பாதி உண்மை. மற்றொன்றை நம்பி லோடு ஏற்றினால் ஆபத்து. இதை நான் வெறும் சொல்லாகச் சொன்னால் போதாது. டயரின் பக்கச் சுவரில் உள்ள எண்களைக் கொண்டு நீங்களே கணக்கிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைக் குறிக்கிறது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 215-இல் 75 சதவீதம் 161.25 மி.மீ.; ரிம்முக்கு மேலும் கீழும் சேர்த்து அது 322.5 மி.மீ.; 15 அங்குல ரிம் 381 மி.மீ.; ஆக உங்கள் இப்போதைய டயரின் முழு விட்டம் 703.5 மி.மீ. இதே முறையில் 235/75 ஆர்15 டயருக்குக் கணக்கிட்டால் 733.5 மி.மீ. வரும். விட்டத்தில் 30 மி.மீ. கூடினாலும், தரைக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளி அதில் பாதிதான் கூடும் என்பதால், வண்டி உயர்வது 15 மி.மீ., அதாவது ஒரு விரல் தடிமன் மட்டுமே. கல்லிலும் பள்ளத்திலும் அடிபடும் பின் அச்சின் உருண்டைக்கு அந்த ஒரு விரல் உதவாது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்காக நீங்கள் எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதைத்தான் இனிப் பார்க்கவேண்டும்.

எஞ்சினிலிருந்து கியர் வழியாக அச்சுக்கு வரும் சுழல்விசை, சக்கரத்தின் ஆரம் என்னும் நெம்புகோல் வழியாகத்தான் சாலையைத் தள்ளுகிறது. ஆரம் நீண்டால் அதே சுழல்விசைக்குச் சாலையில் கிடைக்கும் தள்ளுவிசை குறைந்துவிடும். உங்கள் கணக்கில் விட்டம் 4.3 சதவீதம் கூடுகிறது, ஆகவே ஒவ்வொரு கியரிலும் இழுவை சுமார் 4 சதவீதம் குறைகிறது. சமவெளியில் வெறும் வண்டியை ஓட்டுபவர் இதை உணரவே மாட்டார். சந்தையிலிருந்து உரமூட்டைகளோ மளிகைச் சாமான்களோ ஏற்றிக்கொண்டு மலையேறும்போது, மூன்றாம் கியரில் ஏறிய வளைவுகள் சிலவற்றில் இரண்டாம் கியருக்கு வரவேண்டியிருப்பதையும், கிளட்ச் முன்பைவிடச் சூடாவதையும் நீங்கள் உணர்வீர்கள்.

ஏற்றத்தைவிட எனக்குக் கவலை தருவது இறக்கம்தான். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பழனிக்கு வந்து சேர்வதற்குள் நீங்கள் 1,700 மீட்டருக்கு மேல் கீழே இறங்குகிறீர்கள். வண்டியும் லோடும் சேர்த்து 2,800 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல், ஒரு லிட்டர் டீசல் முழுவதும் எரிந்தால் வரும் வெப்பத்தைவிட அதிகம். அதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரின் உருளல் தடையும் எடுத்துக்கொள்கின்றன. மீதியை எஞ்சினும் பிரேக்கும்தான் பங்கிட்டுக்கொள்ளவேண்டும். பெரிய டயர் அந்த மொத்தத்தைக் கூட்டுவதில்லை, ஆனால் பங்கீட்டை மாற்றிவிடுகிறது. அதே கியரில் எஞ்சின் பிடித்துநிறுத்தும் விசை சாலையில் குறைந்து விழுவதால், அதன் பங்கையும் பிரேக்கே சுமக்க நேர்கிறது. பிரேக்குக்கும் அதே நெம்புகோல் கணக்குதான். முன்பு நின்ற அதே தூரத்தில் நிற்கவேண்டுமானால் மிதியை முன்பைவிடக் கூடுதலாக அழுத்தவேண்டும். பிரேக் ஏற்கெனவே சூடேறித் தளர்ந்திருக்கும் கடைசி வளைவுகளில்தான் இந்த 4 சதவீதத்தின் விலை தெரியும்.

லோடு பற்றிய பேச்சுக்கு வருகிறேன். டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதை அதன் அகலம் சொல்வதில்லை; அளவை அடுத்து அச்சிட்டிருக்கும் எடைக் குறியீட்டு எண்தான் சொல்கிறது. 100 என்றால் ஒரு டயருக்கு 800 கிலோ, 104 என்றால் 900 கிலோ, 108 என்றால் 1,000 கிலோ, 112 என்றால் 1,120 கிலோ. 235/75 ஆர்15 என்னும் அளவு பெரும்பாலும் பயணிகள் ஜீப் வகை வண்டிகளுக்காகச் செய்யப்படுவது. உங்கள் பழைய டயர் சரக்கு வண்டிக்கென்று கூடுதல் அடுக்குத் தாங்குதிறனுடன் (பிளை ரேட்டிங்) வந்து அதில் 108 என்று இருக்க, கடையில் காட்டும் பெரிய டயரில் 105 என்று இருந்தால், நீங்கள் பார்வைக்குப் பெருத்த, ஆனால் டயர் ஒன்றுக்கு 75 கிலோ குறைவாகத் தாங்கும் பொருளைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள் என்று பொருள். தாங்குதிறன் கூடிய பெரிய டயரே கிடைத்தாலும், பின் அச்சும், ஸ்பிரிங் பட்டைகளும், வீல் பேரிங்கும், பிரேக் டிரம்மும் பழையவையே என்பதால் வண்டியின் ஏற்றுதிறன் ஒரு கிலோகூடக் கூடாது. பதிவுச் சான்றில் உள்ள எடைதான் எல்லை. அதற்கு மேல் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதமும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் உண்டு.

ரிம்மையும் பாருங்கள். 235 அகலமுள்ள டயருக்கு ஆறு அங்குலத்துக்குக் குறையாத அகலமுடைய ரிம் வேண்டும். உங்கள் வண்டியில் ஐந்தரை அங்குல ரிம் இருந்தால் டயரின் நடுப்பகுதி புடைத்து, பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டிகள்) நடுவில் மட்டும் தேயும். வளைவில் பக்கச் சுவர் ஆடும்.

என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன்: மலைப்பாதையில் லோடு ஓட்டும் உங்களுக்கு இந்த மாற்றம் வேண்டாம். அந்தப் பணத்தில் அதே 215/75 ஆர்15 அளவில், பழையதற்குக் குறையாத எடைக் குறியீடு உள்ள நல்ல டயர்களாக வாங்குங்கள். வாங்கும்போது பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2324 என்று இருந்தால் அது 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. கடையில் ஆண்டுக்கணக்கில் கிடந்த டயரை வாங்காதீர்கள். காற்றழுத்தத்தை ஒவ்வொரு வாரமும், டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில், கதவோரத்து ஒட்டுச்சீட்டில் லோடுக்கென்று குறித்திருக்கும் அளவுக்குச் சரிபாருங்கள்.

கோத்தகிரி வாசகர்: 2017-இல் வாங்கிய நான்கு சக்கர இயக்கமுள்ள இசுசு வி-கிராஸ் வைத்திருக்கிறேன். தேயிலைத் தோட்டத்துப் பாதைகளில் ஓட்டுவதற்காக 245/70 ஆர்16 டயரை மாற்றி 265/75 ஆர்16 போட விரும்புகிறேன். லோடு அதிகம் ஏற்றுவதில்லை. வண்டியில் வேறு ஏதாவது மாற்றவேண்டுமா?

உங்கள் நிலைமை முந்தைய வாசகருடையதைவிட எளிது. சுமை குறைவு, எஞ்சினுக்கு வலிமை உண்டு, சரிவான பாதைக்குத் தாழ்நிலை கியரும் இருக்கிறது. ஆயினும் நீங்கள் தேர்ந்த அளவு சற்றுப் பெரிது. பழைய டயரின் விட்டம் 749 மி.மீ., புதியதன் விட்டம் 804 மி.மீ.; வித்தியாசம் 7.3 சதவீதம். இடையில் 265/70 ஆர்16 என்று ஓர் அளவு இருக்கிறது. அதன் விட்டம் 777 மி.மீ., வித்தியாசம் 3.7 சதவீதம். வண்டியின் உயரம் 14 மி.மீ. கூடும். வேறெதையும் வெட்டாமலும் உயர்த்தாமலும் போடக்கூடிய டயரின் எல்லை ஏறக்குறைய அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம்.

கடையில் வண்டி நேராக நிற்கும்போது டயர் எதிலும் படாமல் சுழல்வதைக் காட்டி, பொருந்திவிட்டது என்பார்கள். அது சோதனையே அல்ல. ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் ஒடித்து, அந்தப் பக்கத்து முன்சக்கரத்தை ஒரு மேட்டின்மீது ஏற்றி, சஸ்பென்ஷன் நன்றாக அமுங்கிய நிலையில் பாருங்கள். மட்கார்டின் உள்விளிம்பு, அதன் பின்புறத்து பிளாஸ்டிக் உறை, சேஸின் முனை, சஸ்பென்ஷனின் மேல் கை ஆகிய நான்கிடத்திலும் ஒரு விரலாவது நுழையவேண்டும். பிறகு பின்னோக்கி எடுத்து, ஸ்டியரிங்கை மறுபக்கம் ஒடித்து மீண்டும் பாருங்கள். பின்னோக்கிச் செல்லும்போது மட்டும் உரசும் வண்டிகளும் உண்டு. உள்ளே இடம் போதவில்லை என்பதற்காக ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே தடிப்பு வளையம் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளிக்கொடுப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். சக்கரம் வெளியே போகப்போக வீல் பேரிங்கின்மீதும் பால் ஜாயின்ட்டின்மீதும் சுமை கூடுகிறது, பள்ளத்தில் விழும் ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங் கையைப் பிடுங்குகிறது. தோட்டத்துப் பாதைக்கு அது கட்டாயம் ஆகாது.

டயரை மாற்றியபின் மீட்டரும் தவறாகக் காட்டும். சக்கரம் ஒரு சுற்றுக்குக் கடக்கும் தூரம் கூடிவிட்டதை மீட்டர் அறியாது. 265/70 போட்டால் மீட்டரில் 80 என்று காட்டும்போது நீங்கள் 83-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டக்கூடாது என்பதற்காகத் தயாரிப்பாளர்கள் மீட்டரைச் சற்றுக் கூட்டிக் காட்டும்படி அமைத்திருப்பதால், இந்த அளவு வித்தியாசம் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும், 7.3 சதவீதம் அடங்காது. மைலேஜ் கணக்கிலும் இதை மறக்காதீர்கள். மீட்டரின்படி லிட்டருக்கு 11 கி.மீ. வந்தால், உண்மையில் வந்தது 11.4 கி.மீ. பெரிய டயரால் மைலேஜ் குறைவது உண்மைதான். மீட்டர் காட்டும் அளவுக்கு அது குறைவதில்லை.

உங்களுக்கு நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது அளவைவிடப் பட்டன் அமைப்பைத்தான். ஈரமான செம்மண் பாதையில் வழுக்குவதற்குக் காரணம் டயரின் விட்டம் அன்று. பட்டன்களின் இடைவெளியில் சேறு அடைத்துக்கொள்வதுதான். எல்லாத் தரைக்குமான வகை டயரை இப்போதைய அளவிலேயே போட்டுப் பார்த்தவர்கள் பலர், அதற்குமேல் பெரிதாக்கும் எண்ணத்தையே விட்டிருக்கிறார்கள். சேற்றுக்கென்றே செய்த, கட்டைகட்டையாகப் பட்டன் கொண்ட டயர் இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஈரத் தார்ச்சாலையில் தரையைத் தொடும் ரப்பர் குறைவாக இருப்பதால் நிற்கும் தூரம் கூடும். மழை மாதங்களில் மேட்டுப்பாளையம் இறக்கத்தில் ஓட்டும் உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

சென்னை வாசகர்: பெரிய டயர் போட்ட பிக்கப் எஃப்.சி.யில் (தகுதிச் சான்றுக்கான சோதனையில்) தேறுமா? காப்பீட்டில் சிக்கல் வருமா?

சரக்கு வண்டியைப் பதிவு செய்யும்போது கொடுக்கும் படிவம் 20-இல், முன் அச்சிலும் பின் அச்சிலும் உள்ள டயர்களின் எண்ணிக்கை, அளவு, அடுக்குத் தாங்குதிறன் ஆகியவை தயாரிப்பாளர் அறிவித்தபடி எழுதப்படுகின்றன. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. இதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உறுதிப்படுத்தியது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182-ஏ பிரிவு இடம் தருகிறது. ஆகவே எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்டவேண்டிய வண்டிக்கு, தயாரிப்பாளர் அதே மாதிரியின் ஏதேனும் ஒரு வகைக்குக் கொடுத்திருக்கும் அளவைத் தாண்டாமல் இருப்பதே நல்லது. அந்த அளவு எது என்பதை வண்டியோடு வந்த கையேட்டிலோ கதவோரத்து ஒட்டுச்சீட்டிலோ காணலாம். டயரை மாற்றினால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புதலையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். விபத்துக்குப்பின் அதை முதன்முதலாகப் பார்க்கும் மதிப்பீட்டாளரிடம் வாதாடி வெல்வது கடினம்.

திருச்செந்தூர் வாசகர்: தேரிக்காட்டு மணலில் என் பிக்கப் அடிக்கடி புதைந்துவிடுகிறது. அகலமான டயர் போட்டால் சரியாகுமா? ஐஸ்லாந்தில் பனியின்மீது பெரிய டயர் போட்ட பிக்கப்கள் ஓடுவதைப் படங்களில் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் பார்த்த வண்டிகளில் பெரும்பாலானவை 38 அங்குல டயர் போட்டவை. அந்த டயருக்கு இடம் தருவதற்காக அவற்றின் சக்கர வளைவை வெட்டி அகலப்படுத்துகிறார்கள். நாம் முன்பு பார்த்த நெம்புகோல் இழப்பை ஈடுகட்ட அச்சிலுள்ள பல்சக்கர விகிதத்தையும் மாற்றிவிடுகிறார்கள். டயரை மட்டும் மாற்றினால் வண்டி அப்படி ஆகிவிடாது. அதைவிட முக்கியமான செய்தி, அவர்கள் பனியில் ஓட்டும்போது காற்றழுத்தத்தை 5 பி.எஸ்.ஐ.க்கும் கீழே இறக்கிவிடுகிறார்கள் என்பது. பனியின்மீது வண்டியை மிதக்கவைப்பது டயரின் பருமன் மட்டும் அன்று. காற்றை இறக்கியதால் டயர் தட்டையாகி நீளவாக்கில் பரந்து தரையைத் தொடுவதே பெருங்காரணம்.

அந்தப் பாடம் தேரி மணலுக்கும் பொருந்தும், அதற்குக் காசும் தேவையில்லை. மணலில் நுழையும் முன், லோடு இல்லாத நிலையில், உங்கள் டயரை 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை இறக்குங்கள். அதற்குக் கீழே போனால் வளைவில் டயர் ரிம்மிலிருந்து கழன்றுகொள்ளக்கூடும். மெதுவாக, ஒரே சீராக, ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிக்காமல் ஓட்டுங்கள். சக்கரம் சுழன்று புதையத் தொடங்கினால் முடுக்காதீர்கள்; வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுங்கள். தார்ச்சாலைக்கு வந்தவுடன் காற்றை மீண்டும் ஏற்றியே ஆகவேண்டும், ஏனெனில் இறங்கிய டயரில் வேகமாகப் போனால் பக்கச் சுவர் மடங்கிமடங்கிச் சூடேறி வெடிக்கும். ஆகவே பாட்டரியில் ஓடும் சிறு காற்றடிக்கும் கருவி ஒன்றும், நம்பகமான அழுத்தமானி ஒன்றும் வண்டியில் எப்போதும் இருக்கட்டும். நான்கு பெரிய டயர்களின் விலையோடு ஒப்பிட்டால் அவற்றின் செலவு மிகச் சிறிது.

கிளிநொச்சி வாசகர்: வயல் வேலைக்கு நாங்கள் பாவிக்கும் ஹைலக்ஸ் கெப் வாகனத்தில் 265/65 ஆர்17 ரயர்கள் இருக்கின்றன. நான்கையும் ஒரே தடவையில் வாங்க வசதியில்லை. பின்னுக்கு மட்டும் இரண்டு 265/70 போட்டுவிட்டு, முன்னுக்கு அடுத்த போகத்தில் போடலாமா?

உங்கள் சிரமம் புரிகிறது. விளைச்சல் வந்த பிறகு வாங்கலாம் என்று நினைப்பதில் தவறில்லை. ஆனால் நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் முன்னும் பின்னும் வேறு விட்டமுடைய டயர் வேண்டாம். கணக்கைப் பாருங்கள். 265/65 டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 410 முறை சுழலும். 265/70 டயர் சுமார் 396 முறை சுழலும். நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டவுடன் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டு ஒரே அளவில்தான் சுழலமுடியும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பதின்மூன்று பதினான்கு சுற்றுகள் எங்கேயாவது வழுக்கித் தீரவேண்டும். வயலின் சேற்றில் டயர் வழுக்கி அதைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த வீதியில் வழுக்க இடமில்லாமல் அந்த முறுக்கு முழுவதும், இரண்டு அச்சுகளுக்கும் விசையைப் பிரித்தனுப்பும் இடைநிலைப் பல்சக்கரப் பெட்டியின் சங்கிலியிலும் பல்சக்கரங்களிலும் ஏறும். அதைப் பழுதுபார்க்கும் செலவில் நீங்கள் எட்டு டயர் வாங்கலாம். இரண்டு சக்கர இயக்கத்திலேயே ஓட்டினாலும், முன்சக்கரமும் பின்சக்கரமும் எப்போதும் வேறுவேறு வேகத்தில் சுழல்வதைக் கண்டு சக்கரப் பூட்டைத் தடுக்கும் பிரேக் அமைப்பு (ஏ.பி.எஸ்.) குழம்பக்கூடும்.

இப்போது கையில் உள்ள பணத்தில் பழைய அளவிலேயே இரண்டு டயர் வாங்கிப் பின்னுக்குப் போடுங்கள். பின்னிருக்கும் பழையவற்றில் பட்டன் நன்றாக மீதமிருப்பவற்றை முன்னுக்கு மாற்றுங்கள். பட்டனின் பள்ளத்துக்குள் தெரியும் சிறு மேடுகளோடு சமமாகத் தேய்ந்த டயரில் 1.6 மி.மீ. மட்டுமே மீதமிருக்கும் என்பதால் அதைக் கழித்துவிடுங்கள். பின்னொரு நாள் நான்கையும் பெரிதாக்குவதானால் ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாகக் கணக்கிடுங்கள். பெட்டிக்கு அடியில் அது தொங்கும் இடத்தில் புதிய அளவு நுழைகிறதா என்பதை, டயர்களுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே, ஒன்றை அங்கே வைத்து ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.